பாட்டு வந்த மாதங்கள், வராத மாதங்கள்

“மனசு சரியில்லாம இருந்தப்பதானே உங்களுக்கு நல்ல நல்ல பாட்டா வந்துச்சு?”

கொஞ்சம் பழகிவிட்டால் போதும், எல்லோரும் ஒருநாள் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்கும்போது முகத்தில் ஒரு மரியாதைகூடத் தெரியும். நான் பட்ட பாட்டுக்குக் கிடைத்த கூலி அந்தப் பாட்டுகள் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. திண்டுக்கல் டீக்கடையில் கேட்டார்கள், இங்கே மிளகு காயப்போடும்போது கேட்டார்கள், போன வாரம் போனில் ஒருவர் கேட்டார். இதுவரை சிரித்து மழுப்பிவிட்டேன். இந்தத் தடவை எழுதியே விடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் இருப்பது ஆடலூர். கொடைக்கானல் என்றதும் ஏரி, படகு, ஹோம்மேட் சாக்லேட் என்று ஒரு படம் வருமே, அது இல்லை. இது பழனி மலையின் கீழ்மலைப் பக்கம். திண்டுக்கல்லில் கிளம்பினால் கன்னிவாடி, தருமத்துப்பட்டி, அங்கிருந்து வளைந்து வளைந்து பன்றிமலை, அதற்கப்புறம் நாங்கள். சில்வர் ஓக் நிழலில் காபி, மரத்தில் ஏற்றிவிட்ட மிளகு, ஊடே மலைவாழை, ஆரஞ்சு, எலுமிச்சை. யானை இறங்கிய இரவுக்கு மறுநாள் வாழை மட்டும் கணக்கில் இருக்காது. குடும்பத்துக்கு இங்கே ஒரு துண்டு காபித் தோட்டம் உண்டு. எனக்கு ஒரு கிதார் உண்டு. பனிமூட்டத்தில் கம்பி துருப்பிடிக்கும், ஈரத்தில் கழுத்து வளையும். மழைக்காலம் முழுக்க அதைப் பெட்டிக்குள் அரிசிப் பையோடு படுக்கவைக்க வேண்டியிருக்கிறது.

என் பாட்டு உட்கார்ந்து எழுதுகிற பாட்டு இல்லை. நோட்டு கிடையாது. ஏ மைனரில் கையை வைத்து வாய்க்கு வந்த தத்தகாரத்தை இழுப்பேன். தானன்னா தன்னானே என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் ஒரு வார்த்தை முளைக்கும், அந்த வார்த்தை பக்கத்து வார்த்தையை இழுத்துக்கொண்டு வரும். சினிமாவில் மெட்டு முதலில், வரி பிறகு; தத்தகாரத்தைக் கொடுத்துவிட்டால் கவிஞர் எழுதித் தருவார். எனக்கு இரண்டும் ஒரே மூச்சில் வந்தால்தான் உண்டு. போன் ரெக்கார்டரை ஓடவிட்டுப் பாடுவேன். இரண்டாவது முறை பாடினால் அந்தப் பாட்டு செத்துவிடும். அதனால் முதல் முறைதான் பாட்டு. இருமல், சேவல், பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் சத்தம் எல்லாம் அதில் இருக்கும்.

கேள்விக்கு வருகிறேன். போன் ரெக்கார்டரில் ஒரு வசதி இருக்கிறது: ஒவ்வொரு கோப்புக்கும் தேதி தானாக விழுந்துவிடும். ஒருநாள் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகத் தள்ளிக்கொண்டே போனேன். சில மாதங்களில் கொத்துக் கொத்தாகப் பதிவுகள். சில மாதங்களில் ஒன்றுகூட இல்லை. அந்த இல்லாத மாதங்கள் எவை என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். பல் விளக்குவதே பெரிய வேலையாக இருந்த மாதங்கள் அவை. கிதார் பெட்டியைத் தாண்டிப் போகும்போது யாரோ கடன்காரர் வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். சோகம் என்றால் பாட்டு வரும் என்கிறீர்களே, எனக்கு அப்போது சோகமே வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. சோகம் வருவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

இது என் ஒருவனின் கதை இல்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஜெர்மனியில் ஷூமன் என்று ஒரு இசையமைப்பாளர். காதலித்த கிளாராவை, அவள் அப்பாவோடு நீதிமன்றம் வரை போய்ச் சண்டையிட்டு 1840-ல் கல்யாணம் செய்துகொண்டார். அந்த ஒரே வருடத்தில் நூற்று முப்பதுக்கும் மேல் பாட்டு. 1844-ல் மனம் படுத்துவிட்டது, அந்த வருடம் கிட்டத்தட்ட ஒன்றுமே முடிக்கவில்லை. 1849-ல் மறுபடி வெள்ளம். 1854-ல் ரைன் ஆற்றில் குதித்தார். காப்பாற்றி, அவரே கேட்டுக்கொண்டபடி மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். இரண்டு வருடம் அங்கேயே இருந்து இறந்துபோனார். 1959-ல் ஸ்லேட்டர், மேயர் என்ற இருவர் அவருடைய படைப்புகளை வருடவாரியாக வைத்து ஒரு படம் போட்டார்கள். மனம் தாழ்ந்த வருடங்களில் கோடு தரையில் கிடக்கிறது. என் போன் பட்டியலை யாரோ முன்பே வரைந்து வைத்த மாதிரி இருந்தது.

அப்படியானால் 1840-ம் 1849-ம்? அந்த வருடங்களில் அவர் மனம் இயல்புக்கு மேலே எகிறிப் பறந்துகொண்டிருந்தது, அதுவும் நோயின் இன்னொரு முகம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எனக்கும் அந்த முகம் தெரியும். தூக்கமே தேவைப்படாத இரவுகள் எனக்கு வந்திருக்கின்றன. விடிய விடியப் பாட்டு. ஒன்றை முடிக்குமுன் அடுத்தது வாசலில் நிற்கும். உலகத்திலேயே யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றுகிறது என்று சத்தியமாக நம்பினேன். விடியற்காலையில் ஊரில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி எழுப்பிவிட்டிருக்கிறேன் (அவர்களில் சிலர் இன்னும் என்னோடு பேசுகிறார்கள், அது அவர்கள் பெருந்தன்மை). நிதானமான பிறகு அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்றிரண்டு நன்றாகத்தான் இருந்தன. மற்றவை ஒரே பாட்டின் பல சட்டைகள். நல்ல மாதங்களில் நான் பாடியதிலும் நல்லது ஒன்றிரண்டுதான் தேறும். அந்த இரவுகள் குவியலைப் பெருக்கின, நெல்லைப் பெருக்கவில்லை. வைஸ்பர்க் என்ற உளவியலாளர் 1994-ல் ஷூமனை எடுத்துக்கொண்டு இதையே சோதித்திருக்கிறார். எந்தப் படைப்புக்கு எத்தனை இசைத்தட்டு வந்திருக்கிறது என்பதை அதன் தரத்துக்கு அளவாக வைத்துக்கொண்டார். மனம் எகிறிய வருடங்களில் எண்ணிக்கை கூடியது, தரம் கூடவில்லை என்பதுதான் அவர் கண்டது. இசைத்தட்டை வைத்துத் தரம் அளப்பது பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் முடிவு என் காதுக்குச் சரியாகத்தான் படுகிறது.

டேனியல் ஜான்ஸ்டனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1961-ல் பிறந்த அமெரிக்கர். ஒரு மலிவான டேப் ரெக்கார்டர் முன் உட்கார்ந்து, தனி ஆளாக, குழந்தைக் குரலில் பாடிப் பதிந்தவர். 1983-ல் பதிந்த ‘ஹாய், ஹவ் ஆர் யூ’ என்ற கேசட்டின் அட்டையில் அவரே வரைந்த தவளை இருக்கும். டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் மெக்டொனால்ட்ஸில் வேலை பார்த்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் கையில் கேசட்டைத் திணிப்பார். அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி: ஆரம்பத்தில் கேசட்டை நகல் எடுக்க அவரிடம் வசதி இல்லை. யாராவது கேசட் கேட்டால் வீட்டுக்குப் போய், முழு ஆல்பத்தையும் முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிந்து கொண்டுவந்து கொடுப்பாராம். இரண்டாவது முறை பாடினால் பாட்டு செத்துவிடும் என்று மேலே நான் எழுதியதை அவர் படித்திருந்தால் சிரித்திருப்பார்.

1992-ல் ராக் பாடகர் கர்ட் கோபேன் அந்தத் தவளை போட்ட டீ சர்ட்டை எம்.டி.வி. விழாவுக்குப் போட்டுக்கொண்டு வந்ததும் உலகமே இவரைத் தேடியது. அப்போது அவர் மனநல மருத்துவமனையில் இருந்தார். பெரிய கம்பெனி ஒன்று ஒப்பந்தத்தோடு வந்தது. அதே கம்பெனியில் இருந்த ஒரு மெட்டல் இசைக்குழு சாத்தானின் ஆட்கள் என்று நம்பி மறுத்துவிட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஆஸ்டினில் நிகழ்ச்சி முடிந்து, அப்பா ஓட்டிய சின்ன விமானத்தில் வீடு திரும்பும்போது சாவியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டார். அப்பா பழைய விமானப்படை ஆள். மரங்களுக்கு மேல் எப்படியோ இறக்கி இருவரையும் உயிரோடு வெளியே கொண்டுவந்தார்.

இந்தக் கதையை ‘மேதை என்றால் அப்படித்தான்’ என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஜான்ஸ்டனின் பாட்டு ஏன் நெஞ்சைப் பிடிக்கிறது என்றால், தான் எப்படித் தெரிகிறோம் என்ற கவலையே இல்லாமல் பாடுகிறார். அது நோய் கொடுத்த வரம் இல்லை. நோய் இல்லாதவர்களுக்கும் அது வாய்க்கிறது. 2008-ல் சார்லஸ் லிம்ப், ஆலன் ப்ரான் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஜாஸ் பியானோ வாசிப்பவர்கள் ஆறு பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, மடியில் சின்ன கீபோர்டைக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்ததை வாசிக்கும்போதும், தோன்றியதை வாசிக்கும்போதும் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். தோன்றியதை வாசிக்கையில், நம்மை நாமே கண்காணித்துத் திருத்திக்கொண்டிருக்கும் முன்மூளைப் பகுதி அடங்கிவிட்டது. தன் கதையைச் சொல்வதோடு தொடர்புள்ள இன்னொரு பகுதி விழித்துக்கொண்டது.

என் வாதமே இதுதான். பாட்டு வர, உள்ளே உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே இருக்கும் அந்த ஆள் கொஞ்ச நேரம் எழுந்து போக வேண்டும். மனச்சோர்வு வந்தால் அவர் போகவே மாட்டார். தத்தகாரத்தின் முதல் அசையிலேயே “இதெல்லாம் ஒரு பாட்டா” என்பார். இரண்டாவது அசையில் “நீயெல்லாம் ஒரு ஆளா” என்பார். மூன்றாவது அசைக்கு வழியே இல்லை. இதுவா எனக்குப் பாட்டு கொடுத்தது?

சிகிச்சைக்குப் போனதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் மனசு பேதலித்தால் நேராக டாக்டரிடம் யாரும் போவதில்லை. முதலில் கோடாங்கி. அத்தைதான் கூட்டிக்கொண்டு போனார். நான் நம்பிக்கையோடு போனேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் பாட்டுக்காரனாகப் போனேன், வாயைப் பிளந்துகொண்டு திரும்பினேன். அந்தப் பெரியவர் உடுக்கையை எடுத்து மெல்ல உருட்டத் தொடங்கி, ஒரு குலசாமி வணக்கம் பாடி, அப்படியே எங்கள் குடும்பத்துக் கதைக்குள் இறங்கிவிட்டார். என் தாத்தா பெயர், விற்றுப்போன நிலம், அத்தை வரும் வழியில் சொன்ன ஏதோ ஒரு சண்டை, எல்லாம் அந்த நிமிடத்தில் சந்தத்தோடு பாட்டாகி வந்தது. தாளம் ஏறிக்கொண்டே போனது. ஒருமுறைகூடத் தடுக்கவில்லை. நான் ஏ மைனரில் தடவிக்கொண்டிருப்பதை அந்த மனிதர் ராத்திரி முழுக்கச் செய்கிறார், யாரும் ரெக்கார்டரை நீட்டாமலே. எல்லாம் முடிந்து திருநீறு போட்டுவிட்டு என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: “தூக்கம் வருதா சாமி?”

பிறகு திண்டுக்கல்லில் போய்ப் பார்த்த டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்டார்.

கோடாங்கியைக் கேலி செய்ய எனக்கு மனம் இல்லை. ஒரு ஆளுக்காக ஒரு ராத்திரி முழுக்கச் சொந்தபந்தம் சுற்றி உட்கார்ந்திருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்கா பக்கத்து விடுதி ஒன்றில் பிடித்த தீயில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்துபோனார்கள். ஓடமுடியாமல்.

டாக்டரிடம் போவதை ஊரில் யாரும் அப்படியே சொல்வதில்லை. “நரம்பு டாக்டர்கிட்ட போறேன்” என்பார்கள். நானும் அதையே சொன்னேன். எனக்கு எழுதிக்கொடுத்தது லித்தியம். 1949-ல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இது எகிறிப் பறக்கும் மனத்தை அடக்கும் என்று கண்டுபிடித்தார். மாத்திரை என்றால் வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடுகிற சங்கதி இல்லை இது. ரத்தத்தில் அளவு குறைந்தால் பலன் இல்லை, கூடினால் விஷம். அதனால் ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அவ்வப்போது சிறுநீரகம், தைராய்டு சோதனை. காலையில் மாத்திரையைத் தொடாமல் பஸ் பிடித்து மலை இறங்கி, கண்ணாடி ஜன்னலில் தலை முட்ட முட்டத் தூங்கிக்கொண்டே போய்க் கையை நீட்டுவேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிப்பீங்க?” என்று டாக்டர் கேட்டார். காபித் தோட்டத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா! காபி சிறுநீர் வழியாக லித்தியத்தைக் கூடுதலாக வெளியே தள்ளுமாம். ஆகையால் திடீரென்று காபியை நிறுத்தினால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். உப்பையும் தண்ணீரையும்கூடத் தடாலென்று கூட்டிக் குறைக்கக் கூடாது. எந்தப் பத்தியத்தையும் என்னைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள் என்றார். விரதம் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்த அத்தை அதோடு அடங்கினார்.

எனக்கு இருந்த பயம் வேறு. மாத்திரை பாட்டைக் கொன்றுவிடும் என்ற பயம். மாத்திரையைப் பாதியில் நிறுத்திய இசைக்காரர்கள் பலரும் இதைத்தான் சொல்வார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த மோகன்ஸ் ஷௌ, லித்தியம் எடுத்துக்கொண்டிருந்த எழுத்தாளர்கள், கலைஞர்கள் 24 பேரிடம் இதை நேராகவே கேட்டு 1979-ல் வெளியிட்டார். 12 பேர் முன்பைவிட அதிகம் படைப்பதாகச் சொன்னார்கள், 6 பேர் மாற்றமில்லை என்றார்கள், 6 பேர் குறைந்துவிட்டது என்றார்கள். அந்தக் கடைசி ஆறு பேரை நான் ஒளிக்க மாட்டேன். எனக்கும் முதலில் கை நடுக்கம் வந்தது. மோதிரவிரல் ஒரு கம்பியைத் தேடிப்போய் இன்னொன்றைத் தட்டும். டாக்டரிடம் கிதார் வாசிப்பேன் என்று சொன்ன பிறகுதான் அவர் அளவைச் சரிசெய்தார். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். “இதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்றதா” என்று நாம்தான் வாயை மூடிக்கொண்டு இருப்போமே. நடுக்கம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. இப்போதெல்லாம் விரல் ஓட்டத்தைக் குறைத்து, முழுக் கையால் தட்டி வாசிக்கிறேன். பாட்டின் நடையே மாறிவிட்டது. மோசமாகிவிட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

நம் பக்கம் இதைப் பற்றிப் பேசிய இசைக்காரர்கள் குறைவு. 2018-ல் தன் வாழ்க்கை வரலாறு வெளிவந்த சமயத்தில் ஏ.ஆர். ரஹ்மான், இருபத்தைந்து வயது வரை தற்கொலை எண்ணங்கள் தனக்கு வந்துகொண்டிருந்ததாகச் சொன்னார். ஒன்பது வயதில் அப்பாவை இழந்த வெறுமையைப் பற்றிச் சொன்னார். வீட்டிலேயே ஒரு ஸ்டூடியோ கட்டியது தன்னைத் தூக்கிநிறுத்தியதாகவும் சொன்னார். ‘ரோஜா’ வந்த 1992-ல் அவருக்கு வயது இருபத்தைந்து. அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த எங்களில் யாருக்கும் இது தெரியாது. அவருக்கு முன்னால் சந்திரபாபு. கொழும்பில் வளர்ந்து, யோடலிங் என்கிற அந்தத் தொண்டை உடைக்கும் பாட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். வாய்ப்புக்காக அலைந்த காலத்தில் ஜெமினி ஸ்டூடியோ வளாகத்திலேயே உயிரை விட முயன்றார். பிழைத்ததும் அவரைக் கைது செய்தார்கள். அன்றைய சட்டத்தில் அது குற்றம். செத்துப் பிழைத்தவனை நீதிபதி முன் நிறுத்திக் கேள்வி கேட்கிற சட்டம். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றானது. இப்போது 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி மானஸ், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். டவர் கிடைக்கும் பாறை எது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அங்கே போய் நின்று பேசலாம். நான் பேசியிருக்கிறேன்.

தனியாளாகப் பாடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. குழுவில் இருந்தால் ஒத்திகைக்கு வராத அன்றே யாராவது கதவைத் தட்டுவார்கள். தனியாள் நின்றுபோனால் யாருக்கும் தெரியாது. கேட்டால் “அடுத்த ஆல்பத்துக்கு ரெடியாகுறேன்” என்று சொல்லிவிடலாம். ஊரில் அந்த நிமிடத்தில் பாட்டுக் கட்டுகிறவர்களிலேயே பெரிய கை அத்தைதான். இழவு வீட்டில் அவர் ஒப்பாரியை எடுத்தால் செத்தவருடைய மாடு கன்று முதற்கொண்டு பாட்டுக்குள் வந்துவிடும். பெண்கள் தோளில் தோள் போட்டு வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பார். நான் அறைக்குள் தனியாகப் பாடிக்கொண்டிருப்பதைப் பற்றி அவர் ஒருநாள் சொன்னார்: “தனியா உக்காந்து ஒப்பாரி வச்சா பைத்தியம்பாங்கப்பா. நாலு பேரோட வச்சா அது முறை.” அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜான்ஸ்டன் கடைசி வருடங்களில் பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தார், மாத்திரை எடுத்துக்கொண்டார், வரைந்தார், பாடினார். 2017-ல் கடைசியாக ஊர் ஊராகப் போனபோது ஒவ்வொரு ஊரிலும் வேறு வேறு இசைக்காரர்கள் அவருக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். நடுங்கும் கையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுவார், பாட்டு தவறினால் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். 2019-ல், 58 வயதில் போய்ச் சேர்ந்தார்.

எனக்குப் பின்னால் நிற்க இப்போது ஒரே ஒருவர். தருமத்துப்பட்டிப் பக்கத்து உறுமிக்காரர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என் பாட்டுகளை முதல் தடவை கேட்டுவிட்டு, “என்ன தம்பி, பாட்டு படுத்தே கெடக்கு, எந்திரிக்கவே மாட்டேங்குது” என்றார். நான் தத்தகாரம் போடும்போதே அவர் பாட்டுக்கு அடிக்க ஆரம்பித்துவிடுகிறார், எங்கே போகிறது என்று பார்ப்பதற்குள் இழுத்துக்கொண்டு ஓடுகிறார். பாதி நேரம் சண்டைதான். சனிக்கிழமை மறுபடி மலையேறி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஏ மைனர் பாட்டை அவர் இரட்டை வேகத்தில் அடிக்காமல் விட்டால் பதிந்து போடுகிறேன்.